நீலப் பஞ்சவர்ணக்கிளியின் மண்டையோடு: கேள்வி பதில்

சிங்கப்பூரின் தோ பாயோவில் நடந்த நம் இயற்கை வட்டச் சந்திப்பில் அன்பர்கள் கையில் ஏந்திப் பார்த்தது, பிரேசில், பொலிவியா, பராகுவே நாடுகளில் வாழும் ஹயசிந்த் மக்காவ் என்னும் நீலப் பஞ்சவர்ணக்கிளியின் மண்டையோட்டு நகல். அன்று நேரமின்றி நின்றுபோன கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

இது உண்மையான எலும்பா? (தோ பாயோ அன்பர்)

இல்லை ஐயா. உண்மையான மண்டையோட்டிலிருந்து சிலிக்கோன் அச்செடுத்து, அதில் ரெசின் ஊற்றி வார்த்தது. அசல் எலும்புக்குள் காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது இவ்வளவு கனக்காது.

மேல் அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது விரிசலா? (ஜூரோங் வெஸ்ட் ஆசிரியை)

விரிசல் அன்று, அந்த மண்டையோட்டிலேயே நான் மிகவும் விரும்பும் இடம் அதுதான். நமக்குக் கீழ்த்தாடை மட்டுமே அசைகிறது. கிளிக்கோ மேல் அலகும் அந்தப் பள்ளத்தைக் கீலாகக் கொண்டு அசைகிறது. காதருகே உள்ள சிறிய சதுர எலும்பு முன்னோக்கிச் சாயும்போது, கன்னத்திலும் அண்ணத்திலும் உள்ள எலும்புகள் முன்னே தள்ளப்பட்டு, மேல் அலகை உயர்த்துகின்றன. நகல் ஒரே வார்ப்பாக இருப்பதால் இந்த அசைவை அது காட்டாது. வாங்க நினைப்பவர்கள் இக்குறையை அறிந்தே வாங்க வேண்டும்.

கொட்டையை எப்படி உடைக்கிறது, அங்கிள்? (ஈசூன் மாணவர்)

மேல் அலகின் உட்புறத்தை விரலால் தடவிப் பார், தம்பி. அரம்போல வரிவரியாக இருக்கும். வழுக்கும் கொட்டை அந்த வரிகளில் பிடிபட்டு நிற்க, கீழ் அலகின் விளிம்பு அதை உளிபோல் வெட்டுகிறது. தென் அமெரிக்காவின் பந்தனால் சதுப்புநிலத்தில் இக்கிளிகளின் முக்கிய உணவு அக்கூரி, பொக்காயுவா என்னும் இரு பனைவகைகளின் கொட்டைகளே. மாடுகள் சதைப்பற்றைத் தின்று சாணத்தோடு வெளியேற்றிய அக்கூரிக் கொட்டைகளையும் இவை தேடிப் பொறுக்குகின்றன.

இவ்வளவு வலிய அலகுள்ள பறவை ஏன் அருகியது? (உட்லண்ட்ஸ் அன்பர்)

பெருங்காரணம் மனிதர்தாம். 1980-களில் ஏறத்தாழ 10,000 கிளிகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 1987-இல் இந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. ஆனால் வீட்டுச் சிக்கல் தீரவில்லை: பந்தனாலில் இவை பெரும்பாலும் மந்துவி என்னும் மென்மரத்தின் பொந்துகளில்தான் கூடு கட்டுகின்றன, இவ்வளவு பெரிய பறவை நுழையும் பொந்து அமைய மரம் பல பத்தாண்டுகள் முதிர வேண்டும். அம்மரத்தின் விதைகளைப் பெருமளவில் பரப்புவது டோக்கோ டூக்கன் பறவை. இக்கிளியின் முட்டைகளைத் திருடித் தின்பதும் அதே டூக்கன்தான். எதிரியே வீட்டுக்கு விதையும் போடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் வியப்படைகிறேன்.

அசல் மண்டையோடு வாங்கலாமா? (தேக்கா அன்பர்)

வேண்டாம். பச்சைக்கிளி, பட்ஜி உள்ளிட்ட நான்கு இனங்கள் தவிர, எல்லாக் கிளிகளும் சைட்டிஸ் பட்டியல்களில் உள்ளன. எலும்பைக் கொண்டுவருவதற்கும் அனுமதி தேவை. கற்பதற்கு நகலே போதும்.

அந்தக் கீல் அசைவதை இங்கே நேரில் காண வழியுண்டா? (ஜூரோங் வெஸ்ட் ஆசிரியை, மீண்டும்)

உண்டு, அம்மா. மாலையில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரங்களின் சாலையோர மரங்களில் அடையும் கிளிகளைத் தொலைநோக்கியில் பாருங்கள். மார்பு இளஞ்சிவப்பாகவும் தாடையில் கறுப்புப் பட்டையும் இருந்தால் அது வெளியிலிருந்து வந்து பெருகிய செம்மார்புக்கிளி. கன்னம் சிவந்திருந்தால் நம் மண்ணுக்கே உரிய நீளவால் கிளி. எதுவாயினும், அது கொட்டாவி விடும்வரை பொறுத்திருங்கள். மேல் அலகு நெற்றியிலிருந்து எழுந்து தாழ்வது தெளிவாகத் தெரியும்.