நெல் விளையும் ஊரில் கூப்பன் அரிசி

மதிப்புக்குரிய ஐயா,

என் அக்கா ரொறன்ரோவில் வேலை செய்கிறார். அங்கே இலவசமாக உணவு கொடுக்கும் உணவு வங்கி வரிசையில் அவரைக் கண்டதாக உறவினர் ஒருவர் சொன்னார். பணக்கார நாட்டில், வேலையும் இருக்கும்போது, இந்த நிலை எப்படி வரும்? சிக்கனமில்லாமல் செலவழிக்கிறாரோ என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு கோயில் திருவிழாவுக்குக்கூடப் பணம் அனுப்பியிருந்தார். குடியேறிகள் கூடியதுதான் காரணம் என்றும் சொல்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லலாமா?

– ஒரு வாசகர், களுதாவளை

அன்புள்ள தம்பி,

அக்காவை நினைத்துத் தூக்கமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் அந்தச் சந்தேகம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பட்டினி கிடப்பவரிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி கனடாவின் பத்து மாகாணங்களில் நான்கு பேரில் ஒருவர் உணவுக்குத் திண்டாடும் வீட்டில் வாழ்கிறார். அந்த வீடுகளில் பெரும்பாலானவை சம்பளத்தில் ஓடுபவை. ரொறன்ரோ உணவு வங்கிகளுக்கு 2023 ஏப்ரல் தொடங்கி ஓராண்டில் மக்கள் ஏறத்தாழ 35 இலட்சம் தடவை வந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஊதாரிகளா? வாடகை தவறினால் வீடு போய்விடும். பஸ்ஸுக்குக் காசு இல்லாவிட்டால் வேலை போய்விடும். சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆகவே அதைத்தான் குறைக்கிறார்கள்.

குடியேறிகள் கதையை விடுங்கள். கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்டனில் திறக்கப்பட்டது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் தொடங்கினார்கள். இன்றைய குடியேறிகள் வருவதற்கு முன்பே அந்த வரிசை இருந்தது.

நான் பிறந்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பழுகாமத்துப் பக்கம். கண்ணுக்கெட்டியவரை வயல். மாரி மழை பிடித்தால் கூலி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வயல்களின் சொந்தக்காரரான போடியார் வீட்டில் நெல் மூடைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். நாற்று நட்ட அம்மா கூட்டுறவுச் சங்கக்கடையில் அரசு பங்கிட்டுக் கொடுத்த கூப்பன் அரிசிக்காக நிற்பார். அறுவடை வந்தால் வாங்கிய கடனுக்கு நெல்லாகவே அளந்துவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வருவார். ஊரில் நெல்லுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அதை வாங்கும் காசு எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். ரொறன்ரோவின் பெரிய கடைகளில் உணவு குவிந்து கிடக்க உங்கள் அக்கா வரிசையில் நிற்பது எனக்குக் கொஞ்சமும் புதிராக இல்லை.

அந்தக் கூப்பனை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. 1953இல் இலங்கையில் அரிசி மானியத்தைக் குறைத்து, 25 சதத்துக்குக் கிடைத்ததை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1979இல் கூப்பனை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது, விலைவாசி ஏறியது. அதற்காக ஓர் அரசும் விழவில்லை. உரிமையாக வாங்கியதை உதவியாக வாங்கப் பழகிவிட்டோம் என்பதே என் தீராத வருத்தம். இன்று பெட்டியில் பருப்பும் டின் மீனும் வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த வருத்தம் ஆத்திரமாகிறது.

பெட்டி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றிரவு பசிக்கிற பிள்ளைக்கு இன்றிரவே சோறு வேண்டும். ஆனால் கனடாவிலேயே இன்னொன்றும் கண்டிருக்கிறார்கள்: வருமானம் குறைந்த, தனித்து வாழும் மனிதர்கள் 65 வயதாகி முதியோர் ஓய்வூதியம் பெறத் தொடங்கியதும், அவர்களிடையே உணவுத் தட்டுப்பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. யாரும் அவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கவில்லை. மாதாமாதம் நம்பத்தக்க ஒரு தொகை கைக்கு வந்தது, அவ்வளவே. அது 64 வயதில் ஏன் முடியாது, 40 வயதில் ஏன் முடியாது என்று எந்த அரசையாவது கேட்டால், செலவு என்கிறது.

திரும்பி வருவதா இல்லையா என்பது அக்கா எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இந்த ஆண்டு திருவிழாப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நிர்வாக சபையினர் முகம் சுளித்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அக்காவிடம் பேசும்போது வரிசையில் கண்டவர் யார் என்று சொல்ல வேண்டாம். இந்த மாத வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள், தம்பி. உங்களால் முடிந்ததை இங்கிருந்து அனுப்புங்கள்.