தமிழுக்குக் கொடுத்த 5 புள்ளி

கேள்வி: குடியேற விண்ணப்பிப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஆஸ்திரேலியா கொடுத்துவரும் 5 புள்ளியை எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே? என் மகன் அதையும் கணக்கில் வைத்துத்தான் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்கிறான். இது தமிழுக்கு நேரும் அவமானம் இல்லையா? உங்களைப் போன்ற பத்திரிகைகள் ஏன் வாயே திறப்பதில்லை?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: இதோ, திறந்துவிட்டேன் ஐயா. சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் சந்தேகம்.

முதலில் ஒன்று. அந்த 5 புள்ளி தமிழுக்கு என்று யாரும் கொடுத்ததில்லை. இந்தி, பஞ்சாபி, நேபாளி, சிங்களம், மாண்டரின் என்று பட்டியலில் இருக்கும் எந்த மொழியில் தேறினாலும் அதே 5தான். தேர்வின் பெயர் சி.சி.எல். உரைபெயர்ப்பாளர்களுக்குச் சான்று கொடுக்கும் ‘நாட்டி’ என்ற அமைப்பு நடத்துகிறது. இரண்டு உரையாடல்கள் ஓடும். ஒரு பக்கம் ஆங்கிலம் பேசும் டாக்டரோ வக்கீலோ வங்கி அலுவலரோ இருப்பார். எதிர்ப்பக்கம் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர். நடுவில் உங்கள் மகன். அதைத் தமிழில் சொல்ல வேண்டும், இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 90க்கு 63 வாங்கினால் தேர்ச்சி. எந்த உரையாடலிலும் 45க்கு 29க்குக் கீழே போய்விடக் கூடாது.

எங்கள் மாடிவீட்டுப் பையன் இதற்குத் தயாரானபோது ஒரு மாதம் எனக்கும் சேர்த்துப் பயிற்சி நடந்தது. சாஃப்ட்வேர் வேலை. சென்னையில் பிறந்து வளர்ந்தவன். ‘அப்பெண்டிக்ஸ்’ என்று ஹெட்போனில் வந்ததும் வாயடைத்துப் போனான். “குடல்வால்டா” என்று சமையலறையிலிருந்து அவன் பாட்டி எடுத்துக் கொடுத்தார். பாட்டிக்கே வழி தெரியாத இடங்களும் உண்டு. காப்பீடு பற்றிய உரையாடலில் ‘எக்ஸெஸ்’ வந்தது. இவன் “அதிகப்படி” என்றான். வண்டி இடித்துக் கிளெய்ம் போடும்போது நம் கையிலிருந்து நாம் போட வேண்டிய தொகைக்கு அங்கே அதுதான் பெயர். இவன் சொன்னதைக் கேட்டால் கம்பெனிக்காரன் ஏதோ கூடுதலாகத் தரப்போகிறான் என்று எதிரில் இருப்பவர் சந்தோஷப்பட்டிருப்பார். எப்படியோ தேறிவிட்டான். தேறிய வாரமே அந்தச் சொற்பட்டியல் நோட்டு பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது.

நான் சொல்ல வருவது அந்த நோட்டைப் பற்றித்தான். சி.சி.எல். தேறியவர் உரைபெயர்ப்பாளர் ஆகிவிடுவதில்லை. அந்த வேலைக்குத் தனிச் சான்று உண்டு. இதன் ஒரே உபயோகம் புள்ளி. ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். அவர்களில் ஒரு பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் உதவிக்கு வருவது சான்று பெற்ற உரைபெயர்ப்பாளர்தான். அப்படியிருக்க, ‘இந்த 5 புள்ளியால் எங்களுக்கு என்ன கிடைத்தது?’ என்று அந்த நாடு கேட்டால், தமிழ்ப் பற்றை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் மொழியை வைத்து நிஜமாகவே அவமானப்படுத்திய காலம் ஒன்று உண்டு. 1901இல் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் போட்டார்கள். வந்து இறங்குபவரிடம் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசித்து எழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். வெள்ளையர் அல்லாதவரை நிறம் என்ற சொல்லே வராமல் திருப்பி அனுப்பக் கண்டுபிடித்த வழி அது. 1934இல் எகோன் கிஷ் என்ற செக் பத்திரிகையாளர் வந்தார். பாசிசத்தை எதிர்த்துப் பேச வந்த இடதுசாரி, வேண்டாத விருந்தாளி. பல மொழி தெரிந்தவர் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் டிக்டேஷன் கொடுத்தார்கள்! சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிக் கணக்கில் அது வராது என்று உயர் நீதிமன்றம் சொல்லி அரசின் மூக்கை உடைத்தது. அந்தத் தேர்வை 1958இல்தான் கைவிட்டார்கள். இன்று ஒரு புள்ளி அட்டவணையில் தமிழ் இருக்கிறதா இல்லையா என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள்.

சரி, இப்போதைய பேச்சு எங்கிருந்து கிளம்பியது? முன்னாள் அரசு உயரதிகாரி மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான மூவர் குழு 2023இல் குடியேற்ற முறையை ஆராய்ந்து, புள்ளிக் கணக்கையும் திருத்தச் சொன்னது. 2024 ஏப்ரலில் அரசு அதற்கென்று ஒரு விவாத ஆவணம் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வருகிறவர் நீண்ட காலத்தில் அங்கே நன்றாகச் சம்பாதித்து நிலைப்பாரா என்பதை இந்த அட்டவணை சரியாகக் கணிக்கிறதா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. நியாயமான கேள்வி. சில்லறைப் புள்ளிகள் தேவையா என்ற பேச்சு அதிலிருந்து கிளைத்ததுதான்.

அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி. 33ஆம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் 5 போச்சு. 40 ஆனால் இன்னொரு 10 போச்சு. விண்ணப்பிக்கத் தகுதி 65 புள்ளி என்று எழுதியிருக்கும். அது வரிசையில் நிற்பதற்கான டோக்கன், அவ்வளவுதான். கூட்டம் அதிகமுள்ள துறைகளில் 85, 90 வைத்திருப்பவரும் வாசலிலேயே நிற்கிறார். மணமாகாதவருக்கு 10 புள்ளி. மணமானவருக்குத் துணைவரின் ஆங்கிலமும் தொழில்தகுதியும் நிரூபணமானால் 10, ஆங்கிலம் மட்டும் என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் பூஜ்யம். 2019 நவம்பரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆங்கிலத் தேர்வு எழுதாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோடு வருகிறவனைவிட ஒண்டிக்கட்டை 10 புள்ளி உசத்தி. திருத்துவதென்றால் இதை முதலில் திருத்தட்டும் என்பேன்.

நான் கோபப்படும் இடம் வேறு. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு கைக்கு வரும் நாள்வரை அட்டவணையில் எதுவுமே உங்கள் மகனுக்குச் சொந்தமில்லை. ஆனால் செலவு மட்டும் முன்கூட்டியே. கணக்கியல், ஐ.டி., பொறியியல் படித்தவர்கள் ‘ப்ரொஃபெஷனல் இயர்’ என்று 44 வாரம் ஒரு பயிற்சியில் சேர்கிறார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறார்கள். கிடைப்பது 5 புள்ளி. பெருநகரத்தில் படிக்காமல் ஒதுக்குப்புறமான ஊரில் போய்ப் படித்தால் இன்னொரு 5. இப்படி வாழ்க்கையையே அந்தத் தாளைப் பார்த்து வெட்டித் தைத்துக்கொண்டவர்களிடம் ஒருநாள் காலையில் ‘தாளை மாற்றிவிட்டோம்’ என்று சொல்ல அரசுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நியாயப்படி உண்டா?

இது வெறும் பயம் இல்லை, நடந்த கதை. 2000களில் சமையல்காரர், முடிதிருத்துபவர் எல்லாம் ‘தட்டுப்பாடான தொழில்’ பட்டியலில் இருந்தார்கள். மெல்பர்னிலும் சிட்னியிலும் சமையல் கல்லூரி, முடிதிருத்தும் கல்லூரி என்று தனியார் கடைகள் முளைத்தன. நம் நாட்டுப் பிள்ளைகள் கும்பலாகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா இங்கே நிலத்தை அடகு வைத்துப் பணம் அனுப்ப, மகன் அங்கே ரொட்டி சுடப் படித்தான். 2010 பிப்ரவரியில் அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் அந்தப் பட்டியலையே ரத்து செய்தார். கூடவே, 2007 செப்டம்பருக்கு முன் வெளிநாடுகளிலிருந்து போட்டுக் காத்திருந்த சுமார் 20,000 விண்ணப்பங்களைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவைத்தார். கட்டணம் திரும்பியது. காத்திருந்த வருஷங்களுக்கு ரீஃபண்ட் கிடையாது. அந்தக் கல்லூரிகளில் பல வெறும் விசா வியாபாரம் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது அரசின் பட்டியல். அடி வாங்கியது மாணவன்.

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்கும் 485 விசாவுக்கு 50 ஆக இருந்த வயது வரம்பை 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலானவர்களுக்கு 35 ஆக்கினார்கள். முந்தைய டிசம்பரில்தான் சொன்னார்கள். 36 வயதில் மாஸ்டர்ஸ் சேர்ந்து பாதிக் கட்டணம் கட்டியிருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சேர்ந்த அன்று இருந்த விதி, பட்டம் வாங்கும் அன்று இல்லை.

எனவே நாம் கேட்க வேண்டியது தமிழுக்கு 5 புள்ளி அல்ல. எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும்; ஏற்கெனவே தேர்வு எழுதி, பயிற்சிக்குப் பணம் கட்டி வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் பழைய கணக்கே செல்லட்டும். இதை அங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் தங்கள் எம்.பி.யிடம் கேட்கலாம். நீங்களும் நானும் திருச்சியிலும் சென்னையிலும் உட்கார்ந்து கொடி பிடித்தால் கான்பெராவில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். சி.சி.எல். இன்னும் எழுதவில்லை என்றால் எழுதட்டும். அட்டவணையில் இருக்கும்வரை 5 என்பது 5தான். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆங்கிலத் தேர்வில் அடுத்த படி ஏறினால் 10 புள்ளி கூடுகிறது. எந்த அரசு வந்தாலும் கடைசியாகக் கைவைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அங்குள்ள ஒரு மாநில அரசு பரிந்துரைத்தால் 5, அதுவே பெருநகரங்களுக்கு வெளியே பிராந்தியப் பகுதிக்குப் போகும் விசாவுக்கான பரிந்துரை என்றால் 15. அதையும் பார்க்கட்டும். அவனுக்கு 33 எப்போது முடிகிறது என்று எண்ணாதீர்கள், எப்போது தொடங்குகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

அப்புறம், பெண் பார்த்து வைத்திருந்தால் அந்த ஒண்டிக்கட்டை 10 புள்ளிக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். வரப்போகிற மருமகள் நர்ஸாக இருந்து, அவரும் ஆங்கிலத் தேர்வும் தகுதி மதிப்பீடும் முடித்துவிட்டால், போன 10 அப்படியே திரும்பி வந்துவிடும்.