கால்பந்து வரலாறு எழுதும் மகனுக்குப் பெண் பார்க்கிறோம்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறான். எச்-1பி விசா. விடுமுறை என்றால் கேன்டன் என்ற ஊருக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் நாட்டுக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) பற்றிய பழைய காகிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு அந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் போகிறானாம். நாங்களோ பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் ஓர் உத்தியோகமா? பெண் வீட்டாரிடம் என்னவென்று சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, இது வேலைதான். கடினமான வேலையும்கூட. ஆனால் மாதச் சம்பளம் தரும் உத்தியோகமா என்றால், மிகச் சிலருக்கே.

முதலில் கேன்டன். உங்கள் மகன் ஏதோ ஒரு ஊருக்குப் போய்வரவில்லை. 1920 செப்டம்பர் 17 அன்று அங்கே ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் சில குழுக்களின் உரிமையாளர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் சிலர் கார்களின் படிப்பலகையில் உட்கார்ந்தார்களாம். அன்று உருவான சங்கம்தான் 1922-இல் என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று உலகிலேயே அதிக வருமானம் உள்ள விளையாட்டு அமைப்புகளில் ஒன்று. 1963 முதல் கேன்டனில் அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க ஒரு புகழ்க்கூடம் இருக்கிறது. அதோடு ஆவணக் காப்பகமும்.

அந்தப் புகழ்க்கூடத்தில் ஒரு பழைய கணக்குத் தாள் இருக்கிறது. உங்கள் மகனுக்குப் பிடித்திருக்கும் பித்து என்னவென்று புரிய வேண்டுமானால் அதன் கதையைக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆடிய முதல் மனிதர் யார்? பென்சில்வேனியாவில் லட்ரோப் என்ற ஊருக்காக 1895-இல் ஆடி, 10 டாலரும் செலவுக்காசும் பெற்ற ஜான் பிரேலியர்தான் என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். 1960-களில் நெல்சன் ராஸ் என்ற ஒருவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழுவின் டான் ரூனியிடம் ஒரு கட்டுத் தட்டச்சுத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். பிட்ஸ்பர்க்கின் பழைய செய்தித்தாள்களைத் துருவி எழுதியது. 1892 நவம்பர் 12 அன்று அலெகேனி அத்லெடிக் அசோசியேஷனுக்காக ஆடிய வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர்தான் முதல் ஆள் என்பது அதில் இருந்த செய்தி. அந்தக் காலத்தில் ஆடுவதற்குக் காசு வாங்குவது கௌரவக் குறைவு. யாரும் வெளியில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கணக்கு எழுதுகிறவர்கள் எழுதித்தானே ஆக வேண்டும்! சங்கத்தின் வரவு செலவுத் தாளில் ஹெஃபல்ஃபிங்கருக்கு ரொக்கமாக 500 டாலர் என்று ஒரு வரி. பிரேலியர் இரண்டாயிரம் முறை அச்சேறியிருந்தாலும், அந்த ஒரு வரி அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சரி, அந்த நெல்சன் ராஸ் என்ன உத்தியோகம் பார்த்தார்? அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரூனிக்குத் தோன்றவில்லை. உங்களைப் போல ஒரு தாய் அந்த அறையில் இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சமீபத்திய உதாரணம் ஒன்றும் உண்டு. பந்தை எறியக் காத்திருக்கும் ஆட்டக்காரரை (குவார்ட்டர்பேக்), எறிவதற்குள் வீழ்த்துவதை 'சாக்' என்கிறார்கள். என்.எஃப்.எல். இதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-இல்தான். அதற்கு முன் ஆடியவர்கள்? ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் வைத்துக்கொண்டு 1960 வரை பின்னோக்கி எண்ணினார்கள். 2021-இல் அந்தப் பட்டியல் பொதுப் பார்வைக்கு வந்தபோது, மைக்கேல் ஸ்ட்ரேஹன் 2001-இல் ஒரே பருவத்தில் வைத்த 22.5 (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை) என்ற சாதனைக்கு மேலே, 1978-இல் 23 எடுத்த ஆல் பேக்கர் நின்றார். லீக் இன்றைக்கும் அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்காக அந்த இருவரும் எண்ணாமல் விட்டுவிடவில்லை.

இனி பணம். இந்தத் துறையில் சம்பளம் தரும் இடங்கள் என்றால் காப்பகம், பல்கலைக்கழக வரலாற்றுத் துறை, பத்திரிகை, லீக்கின் படப்பிரிவு, புள்ளிவிவர நிறுவனங்கள். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பல்கலைக்கழகம் என்றால் முனைவர் பட்டம் வேண்டும். புத்தகத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1979 முதல் இயங்கும் தொழில்முறைக் கால்பந்து ஆராய்ச்சியாளர் சங்கத்தில், வேறு பிழைப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் நிறைய.

இன்னொன்றை உங்கள் மகனிடம் கறாராகச் சொல்லுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை விட்டால், அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கேன்டன் காப்பகத்தைப் புரட்ட முடியாது. தன் நிறுவனம் அல்லாத இடத்தில் காசுக்கு எழுதுவதற்கும் அந்த விசாவில் தடை உண்டு. ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆகவே வேலையை விட வேண்டாம் என்பதே என் கட்சி. ஆராய்ச்சியையும் விட வேண்டாம். "ஏன்டா இப்படி?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். 'முழு வரலாறு' என்று பதில் வந்தால் அவர் இன்னும் ரசிகர்தான். ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு பருவம் என்று சொன்னால் நம்பலாம். பாட்ஸ்வில் என்ற நிலக்கரி ஊரின் குழு 1925-இல் லீக்கின் முடிவால் பட்டத்தை இழந்ததே, அதைத் திருப்பிக் கேட்கும் முறையீடு 2003-இல் கூட உரிமையாளர்கள் கூட்டத்துக்கு வந்து தோற்றது. அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் அப்படிச் சின்னதாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான்.

பெண் வீட்டாரிடம் பொறியாளர் என்றே சொல்லுங்கள், அது உண்மை. ஆராய்ச்சியையும் மறைக்காதீர்கள். முக்கியமாக, செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வேறு எதற்கும் கிடைக்கமாட்டார் என்பதைப் பெண்ணிடம் அவரே நிச்சயதார்த்தத்துக்கு முன்பு சொல்லிவிடட்டும்.