போரில் சிதைந்த நகரத்தை மறுபடி கட்டும்முன் வரைபடம் எப்படித் தயாராகிறது? செயற்கைக்கோள் படம் மட்டும் போதாதா?

போதாது. எந்தப் பகுதியில் அடி பலம் என்று சொல்ல அந்தப் படம் உதவும். எந்த வீட்டை இடிப்பது, எதைப் பழுதுபார்ப்பது, யார் கையில் திரும்பக் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. மறுகட்டுமானம் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான்.

முதலில் படத்தின் குறை. மேலிருந்து பார்ப்பதால், கூரை முழுசாக இருந்தால் கட்டடமே முழுசாக இருப்பதுபோல் தெரியும். கீழ்த்தளத் தூண்கள் முறிந்து, தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்துபோன கட்டடங்கள் இப்படித்தான் கணக்கில் தப்பிவிடுகின்றன. அவற்றைப் பிடிக்க நிழலை அளக்க வேண்டும். சமதரையில் விழும் நிழலின் நீளத்தைச் சூரியனின் ஏற்றக்கோணத்தின் (அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு மேலே இருக்கிறது என்ற கோணம்) டேன்ஜென்டால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். கோணம், படத்தோடு வரும் விவரக் கோப்பிலேயே இருக்கும். சூரியன் 45 டிகிரியில் இருக்கும்போது எடுத்த படங்களில், முன்பு 12 மீட்டர் விழுந்த நிழல் இப்போது 9 மீட்டர்தான் என்றால், ஒரு தளம் நசுங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சுவரில் துளைத்து உள்ளே வெடித்த குண்டையோ நிழலும் காட்டாது. போருக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே பார்வைக் கோணத்தில் எடுத்தவையாக இருப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் உயரமான கட்டடங்களின் சாய்வே சேதம் மாதிரித் தெரியும்.

மேகமும் புகையும் மறைக்கும்போது சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் கைகொடுக்கும். போருக்கு முந்தைய இரண்டு படங்களுக்கு இடையே இருந்த ஒத்திசைவு (ரேடார் அலை இரண்டு முறையும் ஒரே மாதிரித் திரும்பிய அளவு), முன்-பின் படங்களுக்கு இடையே சட்டென்று குறைந்த இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். மரம் அடர்ந்த தெருவும், அப்போது கட்டிக்கொண்டிருந்த மனையும்கூட அதே மாதிரிக் குறைவைக் காட்டும். அதனால் இதைப் பகுதி அளவில் மட்டுமே நம்பலாம். தனி வீட்டுக்கு இதை வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

வகைப்பாட்டுக்கு இரண்டாம் உலகப்போர்க்கால லண்டன் வரைபடங்கள் இன்றும் நல்ல முன்மாதிரி. அப்போதைய நகர நிர்வாகமான லண்டன் கவுண்டி கவுன்சில் 1:2,500 அளவுத் தாள்களில் கையாலேயே வண்ணம் தீட்டியது. கறுப்பு முழு அழிவு. ஊதா பழுதுபார்க்க முடியாத சேதம். கருஞ்சிவப்பு, தேறுமா என்பது சந்தேகம். வெளிர்சிவப்பு, செலவு செய்தால் தேறும். ‘எவ்வளவு சேதம்’ என்பதோடு ‘இனி என்ன செய்யலாம்’ என்பதையும் அந்த நிறங்களே சொல்லிவிடுகின்றன. வெறும் சதவீதம் போட்டு நிறம் தீட்டும் இன்றைய வரைபடங்கள் பலவற்றில் இது கிடையாது.

களத்தில் இறங்கும்முன், பழைய வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாறாத எண் ஒன்று தர வேண்டும். இடிபாடு வாரப்பட்ட பிறகு ஐந்து மனைகள் ஒரே திடலாகிவிடும். அப்போது எண் போட்டுப் பயனில்லை. பழைய நகராட்சித் தாள்களை ஜிபிஎஸ்ஸோடு பொருத்தும்போது சாலைச் சந்திகளையே குறிப்புப் புள்ளிகளாக எடுங்கள். கூரை மூலைகள் படத்தில் சாய்ந்திருக்கும்.

வெடிபொருள் அகற்றும் குழு பாதுகாப்பானது என்று சொன்ன பிறகே பொறியாளர் உள்ளே போகலாம். அங்கே அதிகம் ஏமாற்றுவது தீ. விரிசல் இல்லாமல் நிற்கும் தூணிலும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். எல்லா ஜல்லியும் இப்படி நிறம் மாறாது என்பதால், சுத்தியலால் தட்டிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் துளைத்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளை அடித்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும்.

இடிபாட்டின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: நீளம் × அகலம் × உயரம், அதில் மூன்றில் ஒரு பங்கு. 10 × 12 மீட்டர் பரப்பில் 9 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் சுமார் 360 கன மீட்டர், அதாவது 10 கன மீட்டர் லாரியில் 36 நடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை முதலிலேயே தனியாகப் பிரிக்காவிட்டால், மொத்தக் குவியலும் நச்சுக் கழிவாகிவிடும்.

வரைபடத்தில் குண்டு விழுந்த இடங்களை மட்டும் குறித்த அடுக்கை (தனித் தகவல் தொகுதியை) எந்தக் காலத்திலும் அழிக்கக் கூடாது. ஜெர்மனியில் இன்றும் கட்டுமானத்துக்கு முன் 1940-களின் நேச நாட்டு வான்படங்களைத் தேடுகிறார்கள். வெடித்த குண்டு அகலமான பள்ளத்தை விடும். வெடிக்காமல் புதைந்தது ஒரு சிறு துளையை மட்டும் விடும். பெர்லினுக்கு அருகிலுள்ள ஒரானியன்பர்க் நகரம் இன்னும் அப்படிப்பட்ட குண்டுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி உரிமை. போலந்துத் தலைநகர் வார்சாவில் 1945 அக்டோபர் ஆணை நகர நிலம் முழுவதையும் நகராட்சிக்கு மாற்றியது. கட்டும் வேலை வேகமெடுத்தது, வழக்குகளோ பல தலைமுறைகளுக்கு நீண்டன. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் மையப்பகுதியில் 1994-இல் தொடங்கிய சொலிடேர் நிறுவனம் சொத்துரிமைகளைப் பங்குகளாக மாற்றியது. அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை. சிரியாவின் 2018-ஆம் ஆண்டு 10-ஆம் எண் சட்டம், பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் உரிமையை நிரூபிக்க முதலில் வெறும் 30 நாள் கொடுத்தது. பிறகு அது ஓராண்டானது. அகதியாக வெளிநாட்டில் இருப்பவருக்கு அதுவும் எட்டாத கெடுதான்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. போர்க்காலத்தில் தம் நிலத்துக்கு உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை ஆட்சியுரிமைக் (நீண்ட காலம் அனுபவித்ததை வைத்து நிலத்துக்குக் கோரும் உரிமை) கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இலங்கை 2016-இல் சட்டம் போட்டது.

களப்பணியில் இதற்குச் செய்யக்கூடியது ஒன்று: பத்திரம் இல்லாதவரிடம் பழைய மின்கட்டண ரசீது, தண்ணீர் வரி ரசீது, இரண்டு பக்கத்து வீட்டாரின் வாக்குமூலம் ஆகியவற்றை வாங்கி, கட்டட எண்ணோடும் தேதியோடும் பதியுங்கள். குடியிருந்தவர் வேறு, உரிமையாளர் வேறு என்றால் இரண்டு பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே மனைக்கு இருவர் உரிமை கோரினால், இருவர் சொல்லும் எல்லைக் கோட்டையும் வரைந்து ‘தகராறு’ என்று குறியுங்கள். யார் சொல்வது சரி என்று தீர்மானிப்பது அளவையாளரின் வேலை இல்லை. பெயர்கள் உள்ள அந்த அடுக்கை இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். யார் ஊரில் இல்லை என்பது வெளியே தெரிந்தால், முதலில் வந்து சேர்பவர் ஆக்கிரமிப்பாளராக இருப்பார்.