காயலாங்கடைப் பட்டையில் டிரில் பிட் வழுக்கினால்

கேள்வி: மன்னார்குடியில் காயலாங்கடையிலிருந்து எடைக்கு வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஓட்டை விழவில்லை. பேரிங் ஓடு (உருண்டைகள் ஓடும் வளையம்), பழைய அரம், மெஷின் ரம்பத் தகடும் இருக்கின்றன. எதை எப்படிக் கையாள்வது?

பட்டையைக் கேஸ் வைத்து அறுத்துக் கொடுத்தார்களா? அப்படியானால் முதல் சந்தேகம் அந்த விளிம்பின் மேல்தான். அறுத்த இடம் பழுத்து, பக்கத்துக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் அங்கே தானாகவே தோய்ச்சல் (பழுத்துச் சட்டென்று ஆறுவதால் வரும் கடினம்) ஏறிவிடும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. சாணை பிடித்துத் தள்ளிவிட்டுப் பிறகு பாருங்கள்.

எது எவ்வளவு கடினம் என்று பார்க்கக் காந்தம் உதவாது. கட்டுக்கம்பியிலும் ஒட்டும், பேரிங்கிலும் ஒட்டும். புது அரத்தின் முனையை வைத்து இழுங்கள். அழுத்தினால் மட்டும் கடித்தால் ஸ்பிரிங் பதம், கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் முழுத் தோய்ச்சல். மேல்தோலை நம்பாதீர்கள். பட்டையின் தோல் உள்ளிருப்பதைவிட மெத்தென்று இருக்கும். ஒரு மி.மீ. தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.

சாணையில் வைத்தால் பறக்கும் தீப்பொறியை நிழலில் பாருங்கள். கட்டுக்கம்பி நீளக் கீற்றாகப் போகும். அரம் மத்தாப்புபோல் குட்டையாக, அடர்த்தியாகப் பூக்கும். மெஷின் ரம்பத் தகடு மங்கிய சிவப்பில் பூக்காமல் விழுந்தால் அது ஹைஸ்பீடு ஸ்டீல் (சூடேறினாலும் கடினம் குறையாத எஃகு). அதை வீட்டு உலையில் இளக்க (காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மெத்தென்று ஆக்க) முடியாது, சாணை பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையை இளக்க டெல்டாவில் கிடைக்கும் அருமையான சரக்கு, அரிசி ஆலை உமிச்சாம்பல். ஒரு பழைய டின்னில் எல்லாப் பக்கமும் ஒரு சாண் கனம் வருமளவு சாம்பல் வேண்டும். முதல்நாளே வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் இளகுவதற்குப் பதில் இறுகிவிடும். காந்தம் ஒட்டாமல் போகும் வரை (சுமார் 770 டிகிரி) காய்ச்சி, இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு, பத்து நிமிடம் அதே நிறத்தில் பிடித்து, சாம்பலில் புதையுங்கள். மெல்லிய துண்டு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய தடித்த கம்பி ஒன்றையும் சேர்த்துப் புதைக்கலாம். மறுநாள் காலை வரை கிளறாதீர்கள். சாம்பல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பேரிங் ஓடு இப்படி முழுசாக இளகாது.

ஓட்டை போடும்போது பிட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். கை டிரில் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்றில் ஓடும். 6 மி.மீ. ஓட்டைக்கு, இளக்கிய பட்டையில் 600-700 சுற்று போதும். இளக்காமலே போடவேண்டுமென்றால் கோபால்ட் பிட், 300-400 சுற்று. எண்ணெய் விட்டு, நன்றாக அழுத்தி, சுருள் வந்துகொண்டே இருக்கும்படி இறக்குங்கள். அழுத்தாமல் உரசவிட்டால் பிட் நீலம் பாய்ந்துவிடும்; அதன்பின் அது வெட்டாது.

திரும்பத் தோய்ச்சல் போடுவதற்கு முன் விரிசல் பாருங்கள். பட்டை லாரியில் பல வருடம் வளைந்து நிமிர்ந்தது. மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினால், விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு தெரியும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

மறுபடி பழுக்கக் காய்ச்சித் தோய்ப்பது எண்ணெயில்தான்; தண்ணீரில் போட்டால் பட்டை வெடிக்கக்கூடும். கிலோவுக்கு 8 லிட்டர் கணக்கில் எண்ணெய், 50-60 டிகிரி வெதுவெதுப்பில். ஆறியதும் ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். அரிவாள், களைக்கொத்திக்கு வைக்கோல் மஞ்சள் தாண்டிப் பழுப்பு வரும்போது (260 டிகிரி) நிறுத்துங்கள். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் கல்லில் பட்டதும் வாய் உதிரும். நீலம் வரை விட்டால் வாய் சீக்கிரம் மழுங்கும்.

பேரிங் ஓடுகளை மட்டும் சுத்தியலால் அடித்து உடைக்காதீர்கள். சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.