பார்ட் 107 கையில் இருந்தால் எங்கும் பறக்கலாமா?

உங்கள் மகளுக்கு 16 வயதாகிவிட்டது, ட்ரோன் வாங்கியாயிற்று. அமெரிக்காவில் தெரிந்தவர் ஒருவர் விற்கப்போகும் வீட்டை மேலிருந்து படமெடுத்துத் தரச் சொல்கிறார். காசு வாங்கவில்லையே, லைசென்ஸ் எதற்கு என்கிறீர்கள். லைசென்ஸ் வேண்டும். காசு கைமாறியதா என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்குப் பொருட்டில்லை, வெறும் பொழுதுபோக்குக்குப் பறந்தீர்களா என்றுதான் பார்க்கும். வீட்டை விற்க உதவும் படம் அந்தக் கணக்கில் வராது. பொழுதுபோக்குக்காரர்கள் எழுதும் இலவச டிரஸ்ட் தேர்வும் இங்கே போதாது, பொழுதுபோக்கு அல்லாத ட்ரோன் வேலைக்கு எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கும் விதித்தொகுதியான பார்ட் 107-இன் சான்றிதழ்தான் வேண்டும்.

முதலில் எஃப்.ஏ.ஏ.வின் விண்ணப்பத் தளமான ஐயாக்ராவில் கணக்கு தொடங்கி, எஃப்.டி.என். என்ற அடையாள எண்ணை எடுங்கள். அங்கே தரும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒத்திருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்து, இன்னோரிடத்தில் சுருக்கி எழுதும் நம் பழக்கம் தேர்வு மையத்தில் சிக்கல் தரும். எழுத்துத் தேர்வுக்குக் கட்டணம் 175 டாலர். 2 மணி நேரத்தில் 60 கேள்விகள், 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறினால் 14 நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணமும் மறுபடி.

ட்ரோனை அருமையாக ஓட்டும் பிள்ளைகளும் இதில் சறுக்குவதுண்டு, ஏனென்றால் ஓட்டிக்காட்டும் தேர்வே கிடையாது. வான்வெளியைக் காட்டும் செக்‌ஷனல் சார்ட், மெட்டார் வானிலைக் குறிப்பு, இந்த இரண்டுக்கும் படிக்கும் நேரத்தில் பாதியை ஒதுக்கச் சொல்லுங்கள். எஃப்.ஏ.ஏ.வின் பாடக்குறிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதை முடிக்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது வீண்.

250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குப் பதிவே வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். அது பொழுதுபோக்குக்கு மட்டும். பார்ட் 107 வேலைக்கு எடை எதுவானாலும் ஒவ்வொரு ட்ரோனையும் 5 டாலர் கட்டிப் பதிய வேண்டும். பதிவு 3 ஆண்டுக்குச் செல்லும். பதிந்த ட்ரோனுக்கு, பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்பும் ரிமோட் ஐடியும் வேண்டும். சிறிய ட்ரோன் வாங்கும்போது அதில் ரிமோட் ஐடி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இனி அந்த வீட்டுக்கே வருவோம். பக்கத்தில் விமான நிலையம் இருந்தால், அங்கே பறக்க உடனடி அனுமதி வாங்கித் தரும் லான்ஸ் வசதியுள்ள செயலியைத் திறந்து பாருங்கள். வரைபடம் கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 0, 100, 200 என்று எண் இருக்கும். அந்தக் கட்டத்தில் உடனடி அனுமதி கிடைக்கும் உயரம் அது, அடிக்கணக்கில். 0 என்றால் உடனடி அனுமதி இல்லை; அன்றைக்கு வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்ற இடங்களில் பொதுவான வரம்பு 400 அடி.

இதுவரை சொன்னது எல்லாம் ஃபெடரல் சட்டம். வான்வெளி அதன் பொறுப்பு. ட்ரோன் கிளம்பும் தரையும் கேமரா பார்க்கும் பொருளும் பெரும்பாலும் மாநிலம், நகராட்சி கையில். டெக்சஸில் அரசுச் சட்டத்தொகுப்பின் 423-ஆம் அத்தியாயம் அடுத்தவர் சொத்தைக் கண்காணிக்கும் நோக்கில் படமெடுப்பதைத் தடுக்கிறது. உரிமம் பெற்ற வீட்டுத் தரகர் விற்பனைக்காக எடுப்பதற்கு விலக்கு உண்டு, ஆனால் படத்தில் யாரையும் அடையாளம் காண முடியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் நின்றால் அவர் உள்ளே போகும்வரை காத்திருங்கள். கலிஃபோர்னியாவில் சிவில் சட்டம் 1708.8 இதே தனியுரிமையை வேறு வழியில் காக்கிறது. நியூயார்க் நகரத்தில் ட்ரோன் கிளம்பவும் இறங்கவும் நகர அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. மீறினால் 6 மாதம்வரை சிறை, 5,000 டாலர்வரை அபராதம்.

நகராட்சிகள் வரம்பு மீறி விதி போடுவதும் உண்டு. மாசசூசெட்ஸின் நியூட்டன் நகர விதிகளில் சிலவற்றை 2017-இல் ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்காகத் தெருவில் போலீஸ்காரரிடம் சட்டம் பேச வேண்டாம், இறக்கிவிடுவதே நல்லது. போகும் முன்பே நகராட்சி சட்டத்தொகுப்பில் ட்ரோன் பற்றித் தேடி, அந்தப் பக்கத்தை மகள் போனில் சேமித்துக்கொள்ளட்டும்.

எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்கு ஒன்று. பார்ட் 107 எழுதக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் அது வேலை அனுமதியும் ஆகாது. காசுக்குப் பறக்குமுன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.