விசுவாசத்துக்காக உறுதியா நிக்கிறதுன்னா எதிர்க்கிறவங்களோட மல்லுக்கட்டணுமா?

இல்லங்க, நிறைய பேர் இதத்தான் குழப்பிக்கிறாங்க. கொழும்புல இருக்கிற நமக்கு நல்ல உதாரணம் புனித யோசப் வாஸ், 2015 ஜனவரி 14 காலிமுகத்திடல்ல பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர்னு அறிவிச்சாரே, அவர்தான். கத்தோலிக்க குருவான அவர் கோவாவுல இருந்து 1687ல யாழ்ப்பாணம் வந்தப்ப கரையோரத்துல பெரும்பாலும் ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்க குருமாருக்குத் தடை. மனுசன் கூலியாள் மாதிரி வேசம் போட்டு வந்து, கழுத்துல செபமாலையப் போட்டுக்கிட்டு வீடு வீடா பிச்சை கேட்டுப் போயிருக்காரு, அதைப் பார்த்து யார் முகம் மாறுதோ அவங்கதான் மறைஞ்சு வாழ்ற கத்தோலிக்கர்னு கண்டுபிடிச்சு ராத்திரில பூசை வச்சாரு. ஒளிஞ்சு திரிஞ்சது கோழைத்தனமான்னு கேப்பீங்க, எனக்கு அப்படித் தெரியல, மாட்டினாலும் மறுதலிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே வந்தாரு. கண்டியில ஒற்றன்னு சொல்லி சிறையில போட்டாங்க, பிறகு அங்கயே அம்மை நோய் பரவினப்ப ஓடாம நோயாளிங்கள பார்த்தாரு, எந்த மதம்னு கேக்கல.

வேதாகமத்துலயும் உறுதி, சாந்தம் ரெண்டும் இருக்கு. அப்போஸ்தலர் 5ல போதிக்கக் கூடாதுன்னு கட்டளை போட்டவங்ககிட்ட மனுசரை விட தேவனுக்குத்தான் கீழ்ப்படியணும்னு பேதுரு முகத்துக்கு நேரா சொல்றாரு, அதே பேதுருதான் முதலாம் நிருபம் 3:15ல யாராவது காரணம் கேட்டா சாந்தத்தோட பதில் சொல்லுங்கன்னு எழுதுறாரு.

அதனால ஆபீஸ்ல நக்கல் அடிச்சா ஃபேஸ்புக்ல போய் திட்டி போஸ்ட் போடத் தேவையில்ல, கேட்டா நேரா சொல்லுங்க, ஞாயிறு ஆராதனைக்கு லீவு வேணும்னா பொய்க் காரணம் சொல்லாம உள்ளதச் சொல்லிக் கேளுங்க.